ஏழு சென்ட் அமெரிக்கா

எங்கள் தொழிலில் சந்தை திறந்திருப்பது ஒரு நாளைக்கு ஆறேகால் மணி நேரம்தான். வாடிக்கையாளரின் வாய் திறந்திருப்பது மிச்ச நேரம் பூராவும்.

பெரம்பலூரில் ஒரு பம்ப்செட் கடையின் மாடியில் பங்குத் தரகு ஆபீஸ் வைத்திருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி அங்கே. செவ்வாயும் வியாழனும் அரியலூரில், என் நாத்தனார் வீட்டுக்காரர் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் எனக்கென்று ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பதினோரு வருஷமாக இப்படி இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் அலைகிறேன். யாரையும் நான் கோடீஸ்வரன் ஆக்கியதில்லை. நானும் ஆகவில்லை, அதனால் யாருக்கும் என் மேல் பொறாமையும் இல்லை.

நீங்களும் ஏதோ ஒரு ஃபண்டை வாங்கிவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவராக இருந்தால், நாமெல்லாம் ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள், சொல்கிறேன்.

வெங்காயக் கூடை

இ.டி.எஃப். என்ற சமாச்சாரத்தை எங்கள் ஊரில் விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். ஒரு கம்பெனியின் பங்கை மட்டும் வாங்காமல், ஒரு துறையில் இருக்கிற பல கம்பெனிகளை மொத்தமாக ஒரு ஃபண்டில் போட்டு, அந்த ஃபண்டையே பங்கு மாதிரி சந்தையில் விற்கிறார்கள். துறைக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று. இதை நான் ஒரு நாள் "கூடை" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து இரண்டு மாவட்டத்திலும் அதற்குக் கூடை என்றே பெயர். பேங்க் கூடை, மருந்துக் கூடை, கம்ப்யூட்டர் கூடை, வெளிநாட்டுக் கூடை.

செட்டிகுளம் பக்கத்திலிருந்து பெரியசாமி என்று ஒரு விவசாயி வந்தார். ஒவ்வொரு கூடையையும் நான் சொல்லச் சொல்ல, டீயை ஆற்றிக் குடித்தபடி மரியாதையாகக் கேட்டார். முடித்ததும், "இதுல சின்ன வெங்காயக் கூடை எதுங்க?" என்றார். இல்லை என்றேன். மக்காச்சோளம்? இல்லை. பருத்தி? அதுவும் இல்லை. சோப்பு, பிஸ்கட், பற்பசை விற்கிற கம்பெனிகளின் கூடை ஒன்று இருக்கிறது, நன்றாகப் போகிறது என்று ஆசை காட்டினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நாங்க வெளைய வக்கிறது ஒண்ணுகூட இல்ல, நாங்க காசு குடுத்து வாங்குறது மட்டும் அம்புட்டும் இருக்கு. நல்ல கூடைங்க."

மண் நின்ற இடம்

ஒரு செவ்வாய்க்கிழமை அரியலூரில், ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வெகுநேரமாக நின்றார்கள். ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் என்று நினைத்தேன். கடைசியில் அந்த அம்மாதான் முதலில் உள்ளே வந்தது. பெயர் பூங்கோதை, மகளிர் குழுவில் தலைவி. புருஷன் செல்லமுத்து, கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர். செல்லமுத்துவின் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுது செத்தவர்கள். இவர் இருபது வருஷம் சாந்துச்சட்டி தூக்கி, அந்தக் குடும்பத்திலேயே முதல்முதலாகச் சொந்தமாக இரண்டு ஏக்கர் வாங்கினார். அதற்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. சுரங்கத்துக்கு நிலம் போயிற்று; கைக்குப் பணம் வந்தது.

பையைத் திறந்து பாஸ்புக்கை மேஜையில் வைத்துவிட்டுப் பூங்கோதை சொன்னதை நான் மறக்கவில்லை. "இத பணம்னு நெனச்சு வாங்கிக்காதீங்க மேடம். இது நெலம். வேற நெலம் அமையுற வரைக்கும் ஒங்ககிட்ட நிக்குது. அவ்வளவுதான்."

இதை வாங்கு, அதை விற்றுவிடு என்று ஆலோசனை சொல்ல எனக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பாதியைப் பேசாமல் பேங்கில் டெபாசிட் போடுங்கள் என்று சொல்வதற்கு லைசென்ஸ் எதற்கு? சொன்னேன், போட்டார்கள். கால் பங்கைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினோம். மீதிக் கால் பங்குக்குச் செல்லமுத்து சிமெண்டுக் கூடைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சிமெண்டை மட்டும் போட்ட கூடை என்னிடம் இல்லை, கட்டுமானக் கூடை இருக்கிறது, அதில் சிமெண்டோடு ரோடு, துறைமுகம், கரண்டு, போன் கம்பெனி எல்லாம் கலந்து கிடக்கும் என்றேன். சிமெண்டு கொஞ்சமாவது இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"எங்க மண்ண அள்ளிட்டுப் போறாங்கல்ல, அந்த லாபத்துல எங்களுக்கும் ஒரு கை இருக்கட்டும் மேடம்."

உள்ளே இருந்து பார்த்தவர்

பெரம்பலூரில் ஒருவர். பேங்கில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேண்ட் மடிப்புக் கலையாமல் வருவார். அந்த மாதம் பேங்க் கூடைதான் எல்லாவற்றையும்விட நன்றாக ஏறியிருந்தது. சொந்தத் துறையாயிற்றே என்று சந்தோஷமாக அதை எடுத்துச் சொன்னேன். ஐயோ, அந்த முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"நான் உள்ளயே இருந்து பாத்தவன்மா. வேற எதுனா குடு."

துண்டுக்கு அடியில்

காத்தமுத்து மாட்டுத் தரகர். எங்கள் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுக்கு விலை பேசும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டு பேரும் கையைத் துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்து அமுக்கித்தான் விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நாற்பது வருஷம் அப்படியே பழகிவிட்ட மனுஷன் கட்டி வெள்ளிக்குப் பதிலாக வெள்ளிக் கூடை வாங்கலாம் என்று என் ஆபீசுக்கு வந்தார். என்ன விலைக்கு ஆர்டர் போடட்டும் என்று நான் சத்தமாகக் கேட்டதும் பதறிப்போய்ச் சுற்றும்முற்றும் பார்த்தார். ஆபீசில் இருந்தது அந்த பேங்க் சார் ஒருவர்தான். அவரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

காத்தமுத்து தோளில் கிடந்த துண்டை உதறினார். எனக்கு உதறல் எடுத்தது. பொம்பளையின் விரலைப் பிடிக்க முடியாது என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பிறகு என் மேஜையிலிருந்த கால்குலேட்டரை எடுத்துத் துண்டால் மூடி, உள்ளே கைவிட்டு ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, துண்டோடு சேர்த்து என் பக்கம் நகர்த்தினார். நான் என் பக்கத்து ஓரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். விலை கட்டாது என்றால் நானும் துண்டுக்குள் கைவிட்டு என் விலையை அமுக்கி நகர்த்த வேண்டும். மூன்று தடவை துண்டு போய் வந்தது. இந்த விலையை நான் ஒளித்துப் பிரயோஜனமில்லை, தேசம் பூரா திரையில் ஓடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவனுவொ பாத்துட்டுப் போறானுவொ. நாம சொல்லித் தரணுமா தாயி?"

லாரிக் கணக்கு

கட்டுமானக் கூடை வாங்கியதிலிருந்து செல்லமுத்து ஒரு வேலை வைத்துக்கொண்டார். காலையில் கீழப்பழுவூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, சிமெண்டு ஏற்றிப்போகும் லாரிகளை எண்ணுவது. எண்ணிவிட்டு எனக்குப் போன். "மேடம், இன்னைக்கு நாப்பத்திரெண்டு. ஏறும்." "மேடம், இன்னைக்குப் பதினெட்டுதான் போச்சு. வித்துடலாமா?" லாரி சரசரவென்று போன நாளில் கூடை இறங்கும். லாரியே இல்லாத நாளில் ஏறும். ஒரு தடவை ரோடு வேலை நடந்து மூன்று நாள் அந்தப் பக்கம் ஒரு லாரிகூட வரவில்லை. மனுஷன் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த மூன்று நாளும் எங்கேயோ ஒரு போன் கம்பெனிக்கு நல்ல லாபம் வந்து கூடை நன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

இவரைக் கேலி செய்ய எனக்கு யோக்யதை இல்லை. எங்கள் பகுதியில் எல்லோரும் அப்படித்தான். கண்ணில் படுகிறதை வைத்துத் தேசத்தையே அளந்துவிடுவோம். மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் என்றால் மருந்துக் கூடை, ஏ.டி.எம்.மில் பணம் இல்லை என்றால் பேங்க் கூடையை விற்றுவிடு. சென்னையிலும் மும்பையிலும் கோட்டு போட்டவர்கள் இதையே படம் வரைந்து செய்கிறார்கள். செல்லமுத்துவுக்குப் படம் வரைய வராது, லாரி எண்ண வரும். ஆனால் பூங்கோதை அந்தத் தத்துவத்தையெல்லாம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு நாள் அவர் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"லாரிய எண்ணுன நேரத்துக்கு ஊர் ஊரா போயிருந்தா, இந்நேரம் நாலு காணி நெலம் பாத்திருக்கலாம்!"

பிள்ளை இருக்கும் நாடு

நடராஜன் பஸ் கண்டக்டராக இருந்தவர், ஜெயங்கொண்டத்துக்காரர். மகன் ஹாங்காங்கில் ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்குப் போனதும், நேராக அரியலூருக்கு வந்து ஹாங்காங் கூடை கேட்டார். அந்தக் கூடையில் என்ன இருக்கிறது, எந்தக் கம்பெனி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறான், ஊர் சுத்தமாக இருக்கிறதாம், அது போதும் என்றார். வாராவாரம் வந்து கூடையின் விலையைக் கேட்பார். விலை இறங்கினால் பையனுக்கு உடனே போன் போட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரிப்பார்.

ஒன்றரை வருஷம் அந்தக் கூடை தூங்கிற்று. பிறகு திடீரென்று விழித்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. நானே போன் செய்து சொல்லலாம் என்று இருந்தேன், அதற்குள் அவரே வந்துவிட்டார். எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னார். மனுஷா, இப்போதுதானே ஏறுகிறது, ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டானாம்.

"புள்ள இல்லாத ஊர்ல நமக்கென்னங்க வேல?"

வெறுங்கூடை

இது என்னுடைய லட்சணம். மற்றவர்களைச் சொல்லிவிட்டு இதை விழுங்கினால் நன்றாக இருக்காது.

ஒரு வியாழக்கிழமை காலை. அரியலூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறேன். செல்லமுத்து போன் செய்தார். ஒதுக்கி வைத்த அந்தக் கால் பங்குப் பணத்துக்கு அமெரிக்கக் கம்ப்யூட்டர் கூடை வாங்க வேண்டும், அது ஏறிக்கொண்டே போகிறதாம், டீக்கடையில் சொன்னார்களாம். வெளிநாட்டுக் கூடை வாங்குவதற்கு முன்னால் நான் தவறாமல் ஒன்று பார்ப்பேன். கூடைக்குள் இருக்கும் சரக்கின் மதிப்பு என்ன, சந்தையில் கூடை என்ன விலைக்குப் போகிறது, இரண்டும் ஒன்றா என்று. ஏனென்றால் வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் பணம் அனுப்பலாம் என்று ஃபண்டு கம்பெனிகளுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. வரம்பு நிரம்பிவிட்டால் புதுக் கூடை வராது. இருக்கிற கூடைக்கே ஆளாளுக்கு அடித்துக்கொண்டு விலையை ஏற்றிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள். அன்றைக்கு ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், பார்க்கவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் சோம்பல். கூடை ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று ஆர்டரைப் போட்டுவிட்டு டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினேன்.

மத்தியானம் அந்த ஃபண்டு கம்பெனி, மறுபடி புதுக் கூடை தரப்போகிறோம் என்று அறிவித்தது. அவ்வளவுதான். மூன்று மணிக்குள் விலை சரிந்து, உள்ளே இருந்த சரக்கின் மதிப்புக்கே வந்து நின்றது. எண்பத்தைந்து. அமெரிக்காவில் ஒன்றும் ஆகவில்லை, அங்கே அப்போது விடியக்கூட இல்லை. அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போய், நூறு ரூபாய் கொடுத்து எண்பத்தைந்து ரூபாய்ச் சரக்கு வாங்கிவிட்டேன், பார்த்து வாங்கியிருக்க வேண்டும், என் தப்பு என்று நேராகச் சொல்லிவிட்டேன். செல்லமுத்து, "பரவால்லங்க, ஏறிடும்" என்று என்னைத் தேற்றினார். பூங்கோதை தேற்றவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தது.

"அப்ப வெறுங்கூடைக்கு மட்டும் பதினஞ்சு ரூவாயா?"

நிலம் வந்த நேரம்

ஐந்து மாதம் கழித்து நிலம் அமைந்தது. கீழப்பழுவூருக்கு உள்ளே தள்ளி ஒன்றரை ஏக்கர், போர் தண்ணீரோடு. நிலத்தின் சொந்தக்காரர் திருச்சியில் பிள்ளை வீட்டோடு போய்த் தங்கப்போகிறார். பத்து நாளில் பத்திரம் முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஜெயங்கொண்டத்து முந்திரி வியாபாரி ஒருவர் காத்திருக்கிறார். பூங்கோதை அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அந்த அம்மா என் முன்னால் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

டெபாசிட் பணத்தில் சிக்கல் இல்லை. அமெரிக்கக் கூடை அதே எண்பத்தைந்தில் அசையாமல் நின்றது, விற்றாயிற்று. கட்டுமானக் கூடைதான் மாட்டிக்கொண்டது. அது கொஞ்சம் ஏறியிருந்தது உண்மை. ஆனால் அந்தக் கூடையை வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. திரையில் பார்த்தால் நல்ல விலைக்கு ஐம்பது கூடை கேட்க ஓர் ஆள், அதற்கப்புறம் படிப்படியாக அடிமாட்டு விலை. மொத்தத்தையும் ஒரே ஆர்டரில், என்ன விலையானாலும் சரி என்று தள்ளினால் கடைசிப் படிவரை போய்த்தான் நிற்கும். இதை நான் சொல்லச் சொல்ல, பெரம்பலூர் ஆபீசில் பூங்கோதையோடு எதிரே உட்கார்ந்திருந்த செல்லமுத்துவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"முந்திரி மண்டியில போடுற மாதிரி வந்த வெலைக்குத் தள்ளி விடுங்க மேடம், நெலம் போயிடும்!"

மூடி வைத்த திரை

காத்தமுத்து அன்றைக்கு அவருடைய வெள்ளிக் கூடையைப் பார்க்க வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். "யோவ் மேஸ்திரி, சந்தைக்குப் பத்து உருப்படிய ஒரே கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு வந்தா, இவன் எங்கயோ அவசரமா போறான்னு அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிடும்யா. மத்தத மரத்தடியில கட்டிட்டு ஒண்ணு ஒண்ணா அவுத்துக்கிட்டு வா" என்றார். நான் சொல்ல நினைத்ததும் அதேதான், எனக்கு உவமைக்கு மாடு கிடைக்கவில்லை. கூடைக்குள் இருக்கும் மதிப்பை ஒட்டி ஒரு விலை வைத்து, ஐம்பது ஐம்பதாகப் பிரித்து ஆர்டர் போட்டேன். இதற்குக் கீழே தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும் ஆர்டர்.

காத்திருப்பதுதான் செல்லமுத்துவுக்கு முடியவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையை எட்டிப் பார்த்து, "கொறச்சுப் போடுங்க, கொறச்சுப் போடுங்க" என்றார். காத்தமுத்து துண்டை எடுத்து என் கம்ப்யூட்டர் திரையின் மேல் போட்டு மூடிவிட்டார். அது என் ஆபீஸ், என் திரை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. ஆர்டர் முடிந்தால் போனில் மணி அடிக்கும். மணி அடித்தால் மட்டும் நான் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து அடுத்த ஐம்பதைப் போடுவேன். செல்லமுத்து ஒரு தடவை துண்டின் மேல் கை வைத்தார். பூங்கோதை பட்டென்று அந்தக் கையிலேயே ஒன்று போட்டது. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் இப்படி நடந்தது. வியாழக்கிழமை நான் அரியலூருக்குப் போகாமல் அங்கேயே கிடந்தேன். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கடைசி ஐம்பதும் நான் வைத்த விலைக்கே போயிற்று. காத்தமுத்து துண்டை உருவி உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் ஓட்டியாச்சா? அப்ப எந் தரகு எவ்வளவு?"

எடுக்காத பணம்

கட்டுமானக் கூடை கொடுத்த லாபம் பத்திரச் செலவுக்குச் சரியாகப் போயிற்று. அமெரிக்காவில் நூற்றுக்குப் பதினைந்து என்று போன பணத்தை மட்டும் எங்கே சுற்றிப் பார்த்தும் ஈடுகட்ட முடியவில்லை. மொத்தத்தில் பார்த்தால் ஏழு சென்ட் நிலத்துக்குப் பணம் குறைந்தது. சொந்தக்காரர் தங்கமான மனுஷன், ஆனால் விலையில் இரும்பு. பக்கத்துக் கொல்லைக்காரரான அவருடைய பங்காளி அந்த ஏழு சென்ட்டைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கிழக்கு ஓரமாக ஒரு நீளத் துண்டு.

இதைக் கேட்டதும் நான் பேங்குக்குப் போய்ப் பணம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது, அந்த ஏழு சென்ட்டை நான் கட்டுகிறேன், தரகிலே கழித்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். செல்லமுத்து கவரையும் பெண்சாதியையும் மாறி மாறிப் பார்த்தார். கொடுத்தால் வாங்கிக்கொண்டிருப்பார், நான் குற்றம் சொல்ல மாட்டேன். பூங்கோதை கவரைத் தொடவே இல்லை. கோபமாகவும் பேசவில்லை, குழுக் கூட்டத்தில் தீர்மானம் படிக்கிற மாதிரி நிதானமாகச் சொல்லிற்று. கவரை மறுபடி பையில் போட்டுக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

"அத வாங்கிக்கிட்டா, அந்த ஏழு சென்டுல கால வக்கிறப்ப எல்லாம் ஒங்க நெலத்துல நிக்கிற மாதிரி உறுத்தும் மேடம். அடுத்தவங்க நெலத்துல நின்னது எங்க மாமனாரோட போதும்."

கிழக்கு வரப்பு

பத்திரம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கூப்பிட்டார்கள் என்று அரியலூரிலிருந்து பஸ் ஏறிக் கீழப்பழுவூரில் இறங்கினேன். புதிதாக உழுது போட்டிருந்தது. செல்லமுத்து போர் மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் விழும் இடத்தில் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். லாரி எண்ணுவதை நிறுத்திவிட்டாராம். பட்டாவில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து வரும்படி மனு கொடுத்திருக்கிறார்கள். பூங்கோதை என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, நிலத்தைச் சுற்றிக் காட்டியது. மேற்கு வரப்பு, தெற்கு வரப்பு, மோட்டார் கொட்டகை, வேப்பங்கன்று வைக்கக் குழி தோண்டிய இடம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டியது. எனக்கு உள்ளுக்குள் அந்த ஏழு சென்ட்டே ஓடிக்கொண்டிருந்ததால் கிழக்கே மட்டும் பார்க்காமல் நடந்தேன்.

அந்த அம்மா விடுமா? கையைப் பிடிக்காத குறையாக என்னைக் கிழக்கு வரப்புக்குக் கூட்டிப்போயிற்று. அந்தப் பக்கம் பங்காளியின் ஆட்கள் அந்த நீளத் துண்டில் எள் விதைத்துக்கொண்டிருந்தார்கள். பூங்கோதை வரப்பின் மேல் ஏறி நின்று, கையை நீட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னது.

"அந்தா, வரப்புக்கு அந்தாண்ட தெரியுது பாருங்க. அதுதாங்க மேடம் அமெரிக்கா."

பதினோரு வருஷத்தில் நான் விற்ற நாடுகளில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று என் கண்ணாலே பார்த்தது அந்த ஒரு நாட்டைத்தான், அங்கே இந்த வருஷம் எள் நல்ல விளைச்சலாம்.